அசையும் எழுத்தை யார் வாசிப்பது?
செருகியும் நியமமும் குறித்துச் சில குறிப்புகள்

1

என் மேசை இழுப்பறையில் ஒரு குறுந்தகடு கிடக்கிறது. 2013-ல், எம்.ஏ. தமிழ் முடித்த கையோடு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட அனிமேஷன் செய்கிற ஒரு நிறுவனத்தில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். தமிழ் எழுத்துகளை எப்படிச் சுழித்து எழுதுவது என்று காட்டும் பாடம் அது. பேனா எங்கே தொடங்க வேண்டும், எந்தப் பக்கம் வளைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. அதை ஃப்ளாஷில் சட்டம் சட்டமாகச் செய்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அண்ணன். 'ழ' மட்டும் மூன்று நாள் இழுத்தது. கீழே இறங்குகிற அந்தச் சுழியை அவர் அழித்து அழித்து எழுதினார். "ழ வந்துட்டா மத்ததெல்லாம் தன்னால வந்துரும் தம்பி" என்பார்.

2021-ல் அக்கா மகளுக்குக் காட்டலாம் என்று பழைய கணினியில் அந்தத் தகட்டைப் போட்டேன். உலாவி திறந்தது. பக்கத்தின் தலைப்பு வந்தது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டமும், ஃப்ளாஷ் இனி இல்லை என்கிற பொருளில் ஒரு வரியும். "மாமா, இதுல ஒண்ணுமே இல்லியே" என்று குழந்தை எழுந்து போய்விட்டது.

தகடு பழுதாகவில்லை. கோப்பு அழியவில்லை. செய்தவர்கள் இருவரும் உயிரோடுதான் இருக்கிறோம். ஆனாலும் பிரதி இல்லை. இது தொழில்நுட்பக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி என்று நம் விமர்சகர்கள் ஒதுக்கிவிடக்கூடும். நான் இதைப் பிரதி பற்றிய கேள்வியாகவே பார்க்கிறேன். ஒரு பிரதி எந்த நிபந்தனைகளின் கீழ் வாசிக்கக் கிடைக்கிறது, அந்த நிபந்தனைகளை விதிப்பவர் யார், வாசகருக்கு அதில் என்ன பாத்தியதை? இந்தக் கேள்விகளை அச்சுப் பிரதி குறித்து நாம் நிறையவே கேட்டாயிற்று. அசையும் பிரதி குறித்து இன்னும் கேட்கவில்லை.

2

முதலில் இரண்டு சொற்கள். 'பிளக்-இன்' என்பதைச் செருகி என்று சொல்கிறேன். உலாவிக்குத் தெரியாத ஒரு வேலையைச் செய்ய, வேறொரு நிறுவனம் தயாரித்து அதனுள் செருகிய துண்டு அது. பக்கத்தின் நடுவே ஒரு செவ்வகத்தை உலாவி ஒதுக்கிக் கொடுக்கும். அந்தச் செவ்வகத்துக்குள் என்ன நடக்கிறது என்பது உலாவிக்கே தெரியாது. சொந்த வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டு, சாவியையும் கொடுத்துவிட்டது மாதிரி.

'ஸ்டாண்டர்ட்' என்பதைத் தரம் என்று மொழிபெயர்த்தால் ஏதோ உயர்தரச் சரக்கு என்று அர்த்தமாகிவிடுகிறது. நியமம் என்கிறேன். எல்லோரும் வாசிக்கும்படி எழுதி வைக்கப்பட்ட, எந்த உலாவியும் பின்பற்றத்தக்க பொது இலக்கணம். 1994-ல் டிம் பெர்னர்ஸ்-லீ தொடங்கிய வலைக் கூட்டமைப்பு (டபிள்யூ3சி) இத்தகைய இலக்கணங்களை வெளியிடுகிறது. அவற்றைக் கடைப்பிடிப்பவர் யாருக்கும் உரிமத்தொகை தர வேண்டியதில்லை என்ற காப்புரிமைக் கொள்கையை அது 2004-ல் ஏற்றுக்கொண்டது.

இந்த இரண்டையும் 'மூடியது × திறந்தது' என்ற இருமை எதிர்வாக வைத்து, திறந்தது நல்லது, மூடியது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது சுலபம். அமைப்பியல் வாசித்த நாம் இருமை எதிர்வுகளை அவ்வளவு சீக்கிரம் நம்பக்கூடாது. ஆகவே ஃப்ளாஷின் வரலாற்றைக் கொஞ்சம் அனுதாபத்தோடு பார்ப்போம்.

3

1996-ல் ஃபியூச்சர்வேவ் என்ற சிறு நிறுவனம் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. அதன் பின்னிருந்தவர் ஜோனதன் கே. அந்த ஆண்டின் இறுதியில் மேக்ரோமீடியா அதை வாங்கிப் பெயரைச் சுருக்கியது. ஃப்ளாஷ் பிறந்தது இப்படி. புள்ளி புள்ளியாகப் படத்தைச் சேமிக்காமல் கோடுகளாகவும் வளைவுகளாகவும் சேமித்ததால் கோப்பு சிறியது. அன்றைய மோடம் வேகத்தில் இது பெரிய விஷயம். 2005-ல் அடோபி நிறுவனம் மேக்ரோமீடியாவையே வாங்கியது.

ஃப்ளாஷின் உண்மையான சாதனை கோப்பின் அளவில் இல்லை. அது ஒரு மேடையும் காலக்கோடும் கொடுத்தது. வரையத் தெரிந்தவர், நிரல் எழுதத் தெரியாதவர், ஒரு பந்தை இங்கே வைத்து, இருபது சட்டம் தள்ளி அங்கே வைத்து, நடுவில் உள்ளதை நீயே நிரப்பிக்கொள் என்று சொல்ல முடிந்தது. நியூகிரவுண்ட்ஸ் போன்ற தளங்களில் பள்ளிப் பையன்கள்கூடப் படம் செய்து போட்டார்கள். நம் அண்ணனும் அப்படி வந்தவர்தான். ஓவியப் பள்ளியில் படித்தவர், நிரல் மொழி ஒரு வரி தெரியாது. நிரலாளர்கள் கையிலிருந்த அசைவு வரைபவர்களின் கைக்கு வந்தது. இதை ஜனநாயகப்படுத்தல் என்று சொல்வதில் தவறில்லை.

இலக்கியத்துக்கும் அது பயன்பட்டது. சியோல் நகரைச் சேர்ந்த யங்-ஹே சாங் ஹெவி இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் இயங்கும் இருவர், யங்-ஹே சாங்கும் மார்க் வோஜும், ஃப்ளாஷில் செய்த எழுத்துப் படைப்புகள் நினைவுக்கு வருகின்றன. வெள்ளைப் பரப்பில் கறுப்புப் பெரிய எழுத்துகள், பின்னால் ஜாஸ் தாளம், அந்தத் தாளத்துக்கு ஏற்பச் சொற்கள் வந்து மறையும். அவர்களுடைய 'டகோடா' எஸ்ரா பவுண்டின் காண்டோஸ் தொடக்கப் பகுதிகளை ஆதாரமாகக் கொண்டது. அந்தப் படைப்புகளில் நிறுத்தும் பொத்தான் கிடையாது. பின்னால் போய் விட்டதை வாசிக்க வழி கிடையாது. வாசிப்பின் வேகம் முழுக்க ஆசிரியர் கையில். ஆசிரியனின் மரணத்தை அறிவித்த பிறகு வந்த ஊடகத்தில் ஆசிரியன் இப்படி நேரத்தைக் கைப்பற்றிக்கொண்டு திரும்பி வருகிறான் என்பது கவனிக்க வேண்டியது. அங்கே அது அழகியல் முடிவு. வாசகரைத் திணறடிப்பதே படைப்பின் பொருள்.

சிக்கல் எங்கே என்றால், ஆசிரியர் தீர்மானித்த மூடலுக்கும், கருவி எல்லாப் பிரதிகளின் மீதும் சுமத்துகிற மூடலுக்கும் ஃப்ளாஷில் வேற்றுமை இல்லை. எங்கள் 'ழ' யாரையும் திணறடிக்க வந்ததல்ல. ஏழு வயதுக் குழந்தை நிறுத்தி, பார்த்து, திரும்ப எழுதிப் பழக வந்தது. அதுவும் அதே பூட்டுக்குள்தான் இருந்தது.

4

ரோலான் பார்த் 1970-ல் வெளியிட்ட எஸ்/இசட் நூலில் இருவகைப் பிரதிகளைப் பேசுகிறார். வாசகர் நுகர மட்டும் இடம் தருவது ஒன்று. வாசகரையே எழுதுபவராக்குவது மற்றொன்று. பார்த் இதைப் பொருளின் தளத்தில் சொன்னார். வலையில் இது பௌதிகமான உண்மையாக இருந்தது. தொடக்க கால வலைப்பக்கம் எதையும் 'மூலம் காண்' என்று கேட்டுத் திறந்து பார்க்கலாம். எப்படிச் செய்தான் இவன் என்று பார்த்து, படியெடுத்து, மாற்றி, தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். ஒரு தலைமுறை அப்படித்தான் வலை எழுதக் கற்றது. ஏட்டுச் சுவடியைப் படியெடுத்தவர் அதை வாசித்தவராகவும் இருந்தார் அல்லவா, அந்த உறவு இது.

ஃப்ளாஷ் கோப்பு இந்த உறவை அறுத்தது. அண்ணன் வேலை செய்த மூலக் கோப்பு ஒன்று. அதிலிருந்து பிழிந்தெடுத்து வெளியிடும் கோப்பு வேறொன்று. வெளியே போவது இரண்டாவதுதான். அதைக் கூறுபோட்டுப் பார்க்கிற மென்பொருள்கள் உண்டு. ஆனால் அது பிணக்கூறாய்வு. அடுக்குகளுக்கு அண்ணன் வைத்த பெயர்கள், எனக்காக எழுதி வைத்த குறிப்புகள் எதுவும் அதில் கிடைக்காது. இன்னொன்று: ஃப்ளாஷ் கோப்பின் வடிவ விவரத்தை அடோபி கொடுத்தபோது, அதைக் கொண்டு வேறொருவர் இயக்கி எழுதக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்திருந்தது. 2008 மே மாதம்தான் அந்தத் தடை நீங்கியது. அதுவரை இலக்கணம் கண்முன்னே இருந்தும் அதன்படி பேச அனுமதியில்லை.

நியமம் என்ன செய்கிறது? எஸ்விஜி என்கிற வரைபட மொழி 2001 செப்டம்பரில் வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. வட்டம், கோடு, வளைவு எல்லாமே அதில் எழுத்தாக இருக்கின்றன. அசைவும் எழுத்துதான். 1998-ல் வந்த ஸ்மில் என்ற மொழியிலிருந்து அசைவுக்கான குறிகளை எஸ்விஜி எடுத்துக்கொண்டது. வட்டம் ஒன்று விரிய வேண்டுமானால் இப்படி எழுதுகிறோம்: ஆரம் என்ற பண்பு, எதிலிருந்து, 10, எதற்கு, 40, எவ்வளவு நேரம், 3 நொடி, எத்தனை முறை, முடிவின்றி. தமிழ் இலக்கணம் படித்த எனக்கு இதை முதலில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. 'ஆரத்தை', '10-லிருந்து', '40-க்கு': இரண்டாம் வேற்றுமை, ஐந்தாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை. வேற்றுமை உருபுகள் தனித்தனிச் சொற்களாகப் பிரிந்து நிற்கிற ஒரு வாக்கியம். அசைவை வாசிக்க முடியும் என்று நான் சொல்வது உருவகம் அல்ல.

சிஎஸ்எஸ் அனிமேஷன் என்பது இன்னொரு நியமம். 2007-ல் ஆப்பிளின் வெப்கிட் குழு முன்வைத்து, பிறகு பொதுவானது. அதில் அசைவைப் பொருளிலிருந்து பிரித்துத் தனியாக எழுதி, ஒரு பெயர் வைத்துவிடலாம். தொடக்கத்தில் இப்படி, பாதியில் இப்படி, முடிவில் இப்படி. அப்புறம் எந்தப் பொருளுக்கு வேண்டுமானாலும் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். மெட்டு ஒன்றை வைத்துப் பல பாட்டுக் கட்டுவது போல. இவை இரண்டிலும் 'என்ன நடக்க வேண்டும்' என்று சொல்கிறோம், எப்படி என்பதை உலாவி பார்த்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் கான்வாஸும் வேறு வழி. அங்கே எல்லாம் ஏவல். திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும், பெரும்பாலான திரைகளில் நொடிக்கு 60 தடவை, அழி, வரை, நகர்த்து என்று கட்டளையிட வேண்டும். விளையாட்டுகளுக்கு அது தேவை. எழுத்து எழுதிக் காட்டுவதற்கு வாக்கியமே போதும்.

வாக்கியமாக இருப்பதால் வாசகரின் விருப்பமும் அதற்குள் நுழைய இடம் கிடைக்கிறது. திரையில் எதுவும் வேகமாக நகர்ந்தால் தலைசுற்றுகிறவர்கள் உண்டு. அசைவைக் குறைத்துக்கொள் என்று அவர்கள் தம் கருவியில் ஒருமுறை சொல்லிவைத்தால், பக்கம் அதைக் கேட்டு நடந்துகொள்ள சிஎஸ்எஸ்ஸில் ஒரு நிபந்தனை வரி உண்டு. 2017 முதல் உலாவிகளில் வரத் தொடங்கியது. எழுதியவர் அந்த வரியை எழுத வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் எழுதினால் கேட்கும். யங்-ஹே சாங் பாணிப் படைப்பாளி அதை எழுத மறுக்கலாம். அது அவருடைய முடிவு, அதற்கு அவரே பொறுப்பு. மூடல் இங்கே கருவியின் விதியாக இல்லாமல் ஆசிரியரின் கூற்றாகிறது. கூற்று என்றால் விமர்சிக்கலாம்.

5

இதுவரை வாசித்த நண்பர் ஒருவர் கேட்டார்: "அப்ப நியமம் ஜெயிச்சிருச்சு, கதை முடிஞ்சுதுன்னு சொல்றீங்களா?" இல்லை. வெற்றிக் கதையில் நிறையவே மறைக்கப்படுகிறது.

முதலாவது: 2000-களின் தொடக்கத்தில் எஸ்விஜியைப் பார்க்கவே பெரும்பாலானோருக்குச் செருகி தேவைப்பட்டது. அந்தச் செருகியைக் கொடுத்தது அடோபி. ஃப்ளாஷின் உரிமையாளரான பிறகு அதே அடோபி அதைக் கைவிட்டது. இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எஸ்விஜியைத் தானாகக் காட்டியது 2011-ல், அதன் ஒன்பதாம் பதிப்பில். நியமம் காகிதத்தில் பத்தாண்டு இருந்தும் கோடிக்கணக்கான திரைகளில் இல்லை. நியமத்தை எழுதுவது ஒரு கூட்டமைப்பு, அதற்கு உயிர் கொடுப்பது உலாவி வைத்திருக்கிற நாலைந்து நிறுவனங்கள். அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் துலக்கமாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது: 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஃப்ளாஷுக்கு எதிராக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஃப்ளாஷ் ஒரு நிறுவனத்தின் மூடிய சொத்து, வலைக்கான நியமங்கள் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் வாதங்களில் ஒன்று. வாதம் சரி. ஆனால் அதைச் சொன்ன கை எந்தக் கை? தன் கடையில் தன் அனுமதியில்லாமல் ஒரு செயலியும் நுழைய முடியாதபடி வைத்திருந்த நிறுவனத்தின் கை. தன் இயங்குதளம் மூடியதுதான் என்பதை அவரே அந்தக் கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். திறப்பு என்ற சொல்லாடல் யாருக்கு எப்போது உபயோகமாகிறது என்று கேட்காமல் அதைக் கொண்டாடினால் நாம் ஏமாளிகள்.

மூன்றாவது: நியமமும் சாகலாம். நான் வேற்றுமை உருபு பார்த்து மகிழ்ந்த அந்த ஸ்மில் அசைவைக் கைவிடப்போவதாக 2015-ல் கூகுளின் குரோம் குழு அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் உலாவிகள் அதை ஆதரிக்கவில்லை, சிஎஸ்எஸ்ஸும் புதிய வலை அசைவு நிரலிடைமுகமும் போதும் என்பது காரணம். பயன்படுத்தியவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2016-ல் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. 2020-ல் மைக்ரோசாஃப்ட் தன் எட்ஜ் உலாவியையே குரோமியத்தின் மேல் கட்டிக்கொண்டதால் ஸ்மில் அங்கேயும் ஓடத் தொடங்கியது. பிழைத்தது, தற்செயலாகவும்தான். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஸ்மில் செத்திருந்தாலும் வாக்கியம் வாக்கியமாகவே கிடக்கும். நாளைக்கு ஒருவர் அதை வாசித்து, அதே அசைவைச் சிஎஸ்எஸ்ஸில் மாற்றி எழுதிவிடலாம். வழக்கொழிந்த சொல்லுக்கு உரை எழுத முடியும். பூட்டிய பெட்டிக்கு உரை எழுத முடியாது.

நான்காவதுதான் எனக்குக் கஷ்டமானது. திறந்திருப்பதும் வாசிக்கக்கூடியதாக இருப்பதும் ஒன்றல்ல. 2017-ல் ஏர்பிஎன்பி நிறுவனம் வெளியிட்ட லாட்டி என்ற முறைக்கு, நிழலுருப் படங்கள் செய்த ஜெர்மன் கலைஞர் லாட்டே ரைனிகரின் பெயரை வைத்தார்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்த அசைவு அதில் வெறும் எழுத்துக் கோப்பாக வெளியே வருகிறது. யாரும் திறக்கலாம். திறந்தால் பக்கம் பக்கமாக எண்கள். எந்த மனிதரும் அதை வாசித்து இது கை, இது கால் என்று சொல்லிவிட முடியாது. பூட்டு இல்லை, ஆனால் வாசலும் இல்லை. வரைபவரின் நிலைமையும் இதுதான். ஃப்ளாஷ் போனதோடு அந்தக் காலக்கோடும் மேடையும் பெரும்பாலோர் கையைவிட்டுப் போயின. அடோபி அந்த மென்பொருளைக் கான்வாஸுக்கும் வெளியிடும்படி செய்து, 2016-ல் அனிமேட் என்று பெயர் மாற்றியது. அது பணம் கட்டுகிறவர்களுக்கு. இன்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் எஸ்விஜி வரையலாம், ஆனால் காலக்கோடு கிடையாது. நியமம் எழுதியவர்கள் நிரலாளர்கள். வாசகருக்குத் திறந்த கதவு, வரைபவருக்குச் சாத்தப்பட்டுவிட்டது. நம் அண்ணன் கல்யாண வீடியோ எடிட்டிங்குக்குப் போய்விட்டார்.

6

சாவு எப்படி நடந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2017 ஜூலையில் அடோபி நாள் குறித்தது. 2020 டிசம்பர் 31 அன்று ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல், ஏற்கெனவே நம் கணினியில் இருந்த இயக்கியும் படங்களை ஓட்ட மறுத்தது. இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நம் வீட்டு அலமாரியில் இருக்கிற புத்தகம், பதிப்பாளர் குறித்த தேதியில் தன் பக்கங்களைத் தானே ஒட்டிக்கொள்கிறது. பாதுகாப்புக் குறைகள் நிறைய இருந்தன, நிறுத்தியதற்கு நியாயம் இருக்கிறது. நியாயம் இருந்தாலும் அதிகாரம் அதிகாரமே. தென்னாப்பிரிக்காவின் வருவாய்த் துறை, ஃப்ளாஷில் செய்த வரிப் படிவங்கள் முடங்கிப்போனதால், அவற்றைத் திறக்க மட்டும் 2021 ஜனவரியில் தனக்கென ஓர் உலாவியையே வெளியிட வேண்டிவந்தது. படம் மட்டுமில்லை, ஓர் அரசாங்கத்தின் படிவமும் வாடகை அறையில்தான் குடியிருந்திருக்கிறது.

பிறகு நடந்ததுதான் இந்த வரலாற்றின் பெரிய நகைமுரண். ரஃபில் என்ற பெயரில் தன்னார்வலர்கள் ஃப்ளாஷ் இயக்கியை மறுபடி எழுதினார்கள். அது செருகி அல்ல. வெப்அசெம்ப்ளி என்ற நியமத்தின் மேல், எந்த நவீன உலாவியிலும் ஓடுகிறது. இண்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் அதைக் கொண்டு பழைய ஃப்ளாஷ் படங்களைச் சேர்த்துக் காட்டத் தொடங்கியது. மூடிய பிரதிக்கு இன்று உயிர் இருக்கிறதென்றால் திறந்த நியமத்தின் மடியில்தான் இருக்கிறது.

ரஃபில் வழியாக எங்கள் 'ழ'வைப் பார்த்தேன். எட்டு ஆண்டுக்குப் பிறகு அந்தச் சுழி இறங்கியது. மனசு நிறைந்தது என்பது உண்மை. ஆனால் பார்க்கத்தான் முடிந்தது. அதன் வேகத்தை மாற்ற முடியவில்லை. அதில் இருந்த என் பிழையொன்றைத் திருத்தவும் முடியவில்லை.

7

தமிழ் வாசகர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. வலையில் தமிழ் நுழைந்த ஆண்டுகளில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு. அந்த எழுத்துருவை இறக்கி நிறுவினால் தமிழ் தெரியும், இல்லையென்றால் கோணல் கோணலாக லத்தீன் குறிகள் தெரியும். அந்த எழுத்துருவும் ஒரு செருகிதான். யூனிகோடில் 1991 முதல் தமிழுக்கு இடம் இருந்தும், டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியேற்றங்கள் வழக்கில் இருந்தன. 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூட வேண்டியிருந்தது பொது நியமத்துக்காகத்தான். நண்பர் ஒருவர் நடத்திய சிற்றிதழின் பத்து இதழ்கள் பேஜ்மேக்கர் கோப்புகளாக என்னிடம் இருக்கின்றன. எழுத்துருவின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. அச்சுப் பிரதி கரையான் அரிக்காமல் இருக்கிறது. கணினிப் பிரதியோ செத்துவிட்டது.

எங்கள் நிறுவனத்தில் தமிழ் வரிகளை ஃப்ளாஷில் வைத்ததும் அவற்றை உடைத்து வெறும் கோட்டுருவமாக்கிவிடுவோம். அப்போதுதான் எழுத்துரு இல்லாத கணினியிலும் தெரியும். தெரியும், ஆனால் அது எழுத்தாக இருக்காது. தேடினால் கிடைக்காது, படியெடுக்க வராது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். தமிழ் எழுத்தைக் கற்பிக்கிற பாடத்தில் ஒரு தமிழ் எழுத்துகூட எழுத்தாக இல்லை. நான் அன்று இதைக் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விமர்சனத்துக்கு இதில் என்ன பங்கு? விமர்சனம் என்பது பிரதியிடம் திரும்பிப் போகிற செயல். நான் சொன்னது சரியா என்று வாசகரும் போய்ப் பார்க்க முடிகிறபோதுதான் அது விமர்சனம். போய்ப் பார்க்க முடியாத பிரதியைப் பற்றிப் பேசுவது ஐதீகம் சொல்வது. அசையும் பிரதிகளைப் பற்றி நாளை நாம் எழுத வேண்டுமானால் அவை எந்த இலக்கணத்தில் எழுதப்படுகின்றன என்பதில் இன்றைக்கே நமக்கு அக்கறை வேண்டும். அதை நிரலாளர்களிடம் விட்டுவிட முடியாது.

8

சென்ற ஆண்டு 'ழ'வை நானே எஸ்விஜியில் எழுதிப் பார்த்தேன். வழி தெரிந்தால் எளிது. கோட்டைத் துண்டு துண்டாக வரையச் சொல்லி, துண்டின் நீளத்தையும் இடைவெளியையும் முழு எழுத்தின் நீளத்துக்குச் சமமாக வைக்க வேண்டும். தொடக்கத்தை அவ்வளவு தூரம் தள்ளி வைத்தால் இடைவெளி மட்டும் கண்ணில் படும், எழுத்து தெரியாது. அந்தத் தள்ளுதலை மெல்லப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் எழுத்து தன்னைத் தானே எழுதிக்கொள்வதாகத் தோன்றும். டைட்டில் என்ற குறிக்குள் இது 'ழ' என்றும் எழுதிவைத்தேன். கோப்பு அரைப் பக்கம்கூட வரவில்லை.

அக்கா மகளிடம் கொடுத்தேன். அவள் இப்போது பெரியவள், 'ழ' எழுதத் தெரியும். கோப்பை நோட்பேடில் திறந்தாள், நான் சொல்லாமலே. நொடிக் கணக்கில் 4 என்றிருந்ததை 40 ஆக்கினாள். "மாமா, தாத்தா எழுதுற மாதிரி எழுதுது" என்றாள். வளைவின் எண் ஒன்றை மாற்றினாள், எழுத்து கோணிக்கொண்டது. திரும்பச் சரிசெய்தாள்.

அண்ணனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டுப் போன் செய்தார். "சுழி இன்னும் கொஞ்சம் கீழ எறங்கணும் தம்பி. இத எங்க புடிச்சு இழுக்கணும்?" என்றார். பிடித்து இழுக்க அதில் ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவள் போனை வாங்கிக்கொண்டாள். அவர் "எறக்கு, இன்னும் எறக்கு" என்று சொல்ல, இவள் ஒவ்வோர் எண்ணாக மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆறாவது முறை அவர் போதும் என்றார்.

நியமம் எனக்குத் தந்தது இந்த ஆறு முறை. அண்ணன் தன் கையாலேயே இழுத்து இறக்குகிற நாள் வரும்வரை அது பாதி வேலைதான் செய்திருக்கிறது.